கட்டுப் போட்ட கிளை

அத்தியாயம் பதினொன்று

போன வாரக் காற்றில் பம்ப்ளிமாஸ் மரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டது வரை சொல்லியிருந்தேன். அது அப்புறம் நிமிரவில்லை. நிமிரவும் நிமிராது. அடிமரம் உள்ளே வெற்று என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் சில மாதங்களாகவே தெரியும். தட்டிப் பார்த்தால் காலிப் பானைச் சத்தம். "வெட்டணும், வெட்டணும்" என்று சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினார்கள். கடைசியில் மரமே முடிவெடுத்துவிட்டது.

மரம் வெட்டுகிறவர் இன்று வருகிறார்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் மூன்று பேர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அப்பாவை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வயரிங் வேலை பார்க்கும் மகளுக்கு அவர் வைத்த பெயர் ஃபியூஸ். சட்டென்று போய்விடும், சட்டென்று வந்தும்விடும் என்பதால். மூன்றாவது ஆள், சித்தி. மகளின் அம்மா இறந்த மறு வருஷம் இந்த வீட்டுக்கு வந்தவள். கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. வெளியே அவள் எல்லோருக்கும் சிஸ்டர்.

மரம், போனவள் வைத்தது.

ஃபியூஸுக்கு வெளியூரில் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறாள். மரமும் போகிறது, மகளும் போகிறாள். 

அதனால்தான் சித்தி முன்கூட்டியே ஒரு திருட்டு வேலை செய்து வைத்திருந்தாள்.

விதை போட்டால் செடி வரும், ஆனால் பழம் வேறு மாதிரி வரும் என்று நர்சரிக்கார அம்மா சொல்லியிருந்தாள். இதே மரம் வேண்டுமென்றால் கிளையில் பதியம் போட வேண்டும். கிளையைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்து, அதன்மேல் ஈரப் பாசி வைத்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிவிட்டால் உரித்த இடத்தில் வேர் விடும். பிறகு அறுத்துப் பூந்தொட்டியில் வைக்கலாம். அதே மரம், குட்டியாக.

அப்படி ஏழு பொட்டலங்கள், சந்துப் பக்கச் சுவரின் மேல் தொங்கும் தாழ்ந்த கிளைகளில் ஒளிந்திருந்தன. சித்திக்கு வேண்டியது ஒன்றுதான். ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் ஏழு. மகள் பெட்டி கட்டும்போது, "இந்தா, உங்க அம்மா மரம். கூட்டிட்டுப் போ" என்று கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சித்தி அந்த மரத்தில் ஒரு பழம்கூடத் தன் கையால் பறித்ததில்லை. வந்த அன்றைக்கே ஒரு சின்னப் பெண் மரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, "இத நீங்க தொடக்கூடாது. இது எங்கம்மாவோடது" என்று சொல்லிவிட்டாள். சித்தி தொடவில்லை. ஒவ்வொரு பருவத்திலும், "பழுத்துட்ட மாதிரி இருக்கே, பறிச்சுத் தர்றியா?" என்று கேட்பாள். பெண் பறித்துத் தருவாள். அவள் வளர்ந்து பெரியவளான பிறகும் அதேதான். கேட்பதும் கொடுப்பதும் பழகிப்போய், ஏன் என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை.

அப்படிப்பட்டவள் அதே மரத்தில் கத்தி வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஃபியூஸ் வழக்கம்போல விடியும்போதே கிளம்பிவிட்டாள். பழைய இடத்தில் இன்று அவளுக்குக் கடைசி நாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் ஓய்ந்ததும் சித்தி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பொட்டலங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கிளைக்கும் பாசிக்கும் நடுவே காயத்துக்குச் சுற்றும் மெல்லிய வெள்ளைத் துணி. பிளாஸ்டிக்கின் ஓரமெல்லாம் பிளாஸ்திரியால் ஒட்டி, முனையை மடித்துவிட்டிருந்தாள், பிரிக்கும்போது வலிக்காமல் வர வேண்டும் என்று. கை ஒடிந்த குழந்தைகள் ஏழு பேர் வரிசையாக நின்ற மாதிரி இருந்தது.

முதல் கட்டைப் பிரித்தாள். பாசியில் வேர் இல்லை.

துணியை விலக்கினாள். உரித்த இடமே இல்லை.

மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு, சேர்ந்து, மூடிக்கொண்டிருந்தன. விரலால் தடவினால் தழும்பு மாதிரி ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. எத்தனையோ பேருக்குக் கட்டுப் பிரித்துப் பார்த்தவள் அவள். இவ்வளவு அழகாக ஆறிய புண்ணைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் அப்படியே. ஏழாவதும் அதேதான்.

நர்சரிக்கார அம்மா சொன்னது இப்போது வார்த்தை தவறாமல் காதில் கேட்டது. "பட்டைய உரிச்சதும் அடியில பச்சையா, வழவழன்னு ஒன்னு இருக்கும் சிஸ்டர். அதையும் கத்தியால சுரண்டி எடுத்துரணும். கட்டை வெள்ளையா தெரியணும். பாவம் மட்டும் பாக்காதீங்க."

சித்தி பாவம் பார்த்தாள். மெல்லிய தோலை மட்டும் நோகாமல் எடுத்துவிட்டு, அந்தப் பச்சையைச் சுரண்ட மனசு வராமல் விட்டுவிட்டாள். கூடவே பழக்க தோஷம். கொஞ்சம் மஞ்சள் களிம்பும் தடவினாள். அவள் கை பட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள் கிளினிக்கில். ஆறிவிட்டது.

"என்ன பண்ற இங்க?"

மாஸ்டர், வாயில் பல்துலக்கும் பிரஷோடு நின்றிருந்தார்.

"ஒன்னுமில்லைங்க."

"ஒன்னுமில்லாததுக்கா கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பிளாஸ்திரி ஒட்டிய ஏழு கிளைகளை எங்கே மறைப்பது? சொல்லிவிட்டாள்.

"ஆறிடுச்சுங்க. ஏழும் ஆறிடுச்சு."

"ஆறுனா நல்லதுதானே?"

"நல்லதில்லைங்க. இல தயார் பண்ற சத்து கீழ எறங்க வழியில்லாம அந்த எடத்துல தேங்கி நிக்கணும். அப்பத்தான் அங்க வேர் விடும். நான் உக்காந்து வழி பண்ணிக் குடுத்திருக்கேன்."

மாஸ்டர் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"உங்ககிட்ட சொன்னா ஹாரன் அடிச்சுக்கிட்டே போய் அவகிட்ட சொல்லிருவீங்க."

அது உண்மை. அதனால் அவர் கோபப்படவில்லை. ஆனால் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி விடு. கடையில நல்ல ஒட்டுச் செடியா வாங்கி, இதுதான் அதுன்னு…"

சித்தி திரும்பிப் பார்த்தாள். அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக பிரேக் அழுத்தியே பழகிய கால் அது. வீட்டில் ஆபத்து என்றாலும் முதலில் அதற்குத்தான் தெரியும்.

அவசரமாகப் பேச்சை மாற்றினார். "இப்ப எல்லாருக்கும் இந்த மரப் பைத்தியம் புடிச்சிருக்கு. நம்ம மூணு தடவை இருக்கானே…"

மூணு தடவை என்பது ஒரு பையன். நல்லவன். டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை தோற்றவன்.

"நேத்து வளைவுல திரும்பிக்கிட்டே, 'மாஸ்டர், பம்ப்ளிமாஸுக்கு எவ்ளோ பெரிய தொட்டி வேணும்?'ங்கிறான். வண்டி நடைபாதை மேல ஏறப் பாத்துச்சு!"

சித்தியின் காதில் அது விழவில்லை. உங்கள் காதில் விழுந்திருக்கும்.

*

மரம் வெட்டுகிறவர் கயிறு, ரம்பம், ஒரு மச்சான் சகிதம் வந்து சேர்ந்தார். வந்ததும் சித்தியைப் பார்த்துக் கட்டைவிரலை நீட்டினார்.

"ஞாபகம் இருக்கா சிஸ்டர்? நீங்க கட்டுப் போட்டதுதான். தழும்புகூட இல்ல."

இன்றைக்கு அவளுக்குக் கேட்கப் பிடிக்காத பாராட்டு அது ஒன்றுதான்.

"யாரு வச்ச மரம் சிஸ்டர்?"

"எம் பொண்ணோட அம்மா வச்சது."

இந்தக் கேள்விக்கு அவள் எப்போதும் இப்படித்தான் பதில் சொல்வாள். கேட்கிறவர்கள் ஒரு கணம் குழம்புவார்கள். மச்சானும் குழம்பினார்.

"இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட முடியுமா? ஒரு ரெண்டு மாசம்?"

"ரெண்டு மாசமா! இது ரெண்டு நாள் நின்னாலே பெரிசு சிஸ்டர். இன்னொரு காத்து அடிச்சா தொட்டியையும் தூக்கிக்கிட்டுக் கூரையோட கீழ வரும். அப்புறம் நீங்கதான் எங்களுக்கெல்லாம் கட்டுப் போடணும்."

மேலேயிருந்துதான் ஆரம்பிப்பார்களாம். மச்சான் இரும்பு ஏணியில் மொட்டைமாடிக்கு ஏறினார். சித்தி பின்வாசற்படியில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட துணிகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். துக்கத்திலும் கை சும்மா இருக்காத ஜாதி. வெள்ளிக்கிழமை மகள் வெறும் கையோடு போகப்போகிறாள். போகிற இடத்தில் அம்மா என்று சொல்ல அவளுக்கு ஒரு போட்டோ மட்டும் இருக்கும். ஒரு கத்தியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாததால். சித்திக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

ரம்பம் ஒருமுறை உறுமியது. உடனே நின்றது.

"கரண்டு! மரத்துல கரண்டு இருக்கு!"

மச்சான் ஏணியில் இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது. பாதி வழுக்கல், பாதி குதி.

"கிளையில கறுப்பு டேப்பு சுத்தியிருக்கு மாமா. முழங்கை மொத்தத்துக்கு. ஒன்னில்ல, ரெண்டு. நல்லவேளை ரம்பத்த வைக்கல."

மாஸ்டர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன்கள் நின்றன. அடுத்து போனை எடுத்தார்.

"ஃபியூஸு, மரத்துல கரண்டு குடுத்திருக்கியா?"



"எந்த மரத்துலப்பா?"

"நம்ம வீட்டுல எத்தன தோப்பு இருக்கு?"

"அப்பா, யாரும் மேல ஏறக்கூடாது. யாரும் அதத் தொடக்கூடாது. நான் வந்துட்டே இருக்கேன்." போன் வைக்கப்பட்டது.

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "தொடக்கூடாதுங்கிறா!"

மரம் வெட்டுகிறவர் கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டார். "பாப்பா வந்து சரின்னு சொல்லாம நான் ரம்பத்தத் தூக்க மாட்டேன் மாஸ்டர். எனக்கும் பிள்ள குட்டி இருக்கு."

ஆக, இரண்டு மாதம் கேட்டவளுக்கு இரண்டு டீ குடிக்கும் நேரம் கிடைத்தது. சித்தி உள்ளே போய் டீ போட்டாள்.

*

ஃபியூஸ் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பின்பக்கம் வந்தாள். ஏணியின் முதல் படியில் கால் வைத்தவள் கீழே பார்த்துவிட்டு நின்றாள். தரையில் பாசி, பிளாஸ்திரி, பிளாஸ்டிக். படிக்கட்டில் அழகாகச் சுருட்டி அடுக்கிய வெள்ளைத் துணி.

"மரத்துக்கு யாரு கட்டுப் போட்டது?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். மரம் வெட்டுகிறவர் டீயைப் பார்த்தார். மச்சானுக்குப் பார்க்க எதுவும் கிடைக்காததால் மாமாவின் டீயையே பார்த்தார்.

"நான்தான்," என்றாள் சித்தி. "தொடக்கூடாதுன்னு தெரியும். உனக்கு ஒரு கன்னு எடுத்துக் குடுக்கலாம்னு… உங்க அம்மா மரம் உங்கூட வரட்டும்னு. ஒன்னும் வேர் விடல. எல்லாம் ஆறிப்போச்சு. தப்புதான்."

"இருங்க, இருங்க. தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நீதான்."

"நானா? எப்ப?"

"நான் வந்த அன்னிக்கு. இந்த எடத்துலதான் நின்ன. நீல கவுனு போட்டிருந்த. பித்தான் ஒன்னு இல்ல."

ஃபியூஸுக்கு அந்த நீல கவுன் ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை ஞாபகம் இல்லவே இல்லை. அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அதுக்காகவா… இத்தன வருஷமா ஒரு பழம்கூட…?"

"சொன்னா சொன்னதுதானே."

"சித்தி! எனக்கு அப்ப பதினொரு வயசு!"

"அதனால என்ன? பதினொரு வயசுல வலிச்சா அது வலி இல்லையா?"

ஃபியூஸ் போய்விட்டது. அழுகையா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே கம்பியில் வந்தன.

"ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல? வருஷா வருஷம் 'பறிச்சுத் தர்றியா'ன்னு கேக்கத் தெரிஞ்சுது, 'பறிச்சுக்கட்டுமா'ன்னு கேக்கத் தெரியலையா? நான் என்னமோ உங்களுக்கு முள்ளுன்னா பயம்னு நினைச்சுட்டு இருக்கேன். ஊருக்கே ஊசி போடற கைக்கு முள்ளு பயமான்னு அப்பாகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன்! ஏம்ப்பா, உனக்குத் தெரியுமா இது?"

"எனக்கென்ன தெரியும்? நீ பறிப்ப, அவ உரிப்பா, நான் திம்பேன்," என்றார் மாஸ்டர். இந்த வீட்டில் அவர் வகிக்கும் இடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

ஃபியூஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெயினைப் போடு. மரத்துல கரண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஏணியில் ஏறினாள். கொஞ்ச நேரம் ரம்பம் அறுக்கும் மெல்லிய சத்தம் கேட்டது, கை ரம்பம். அப்புறம் இலைகளோடு இரண்டு கிளைகளை மார்போடு அணைத்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். இரண்டின் அடியிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய உருண்டை.

படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றில் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள். உள்ளே பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு உள்ளே, பாசியே தெரியாமல், வெள்ளையும் மஞ்சளுமாக வேர்.

சித்தி குனிந்து பார்த்தாள். தொடவில்லை. புடைத்துக்கொண்டு, முட்டிக்கொண்டு, இடம் போதாமல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது அந்த வேர்.

"எப்படி?"

"வயரு சீவற மாதிரிதான். மேல இருக்கறது மொத்தத்தையும் சுத்தமா எடுத்துரணும். உள்ள கம்பி பளிச்சுனு தெரியணும். ஒரு நூல் மிச்சம் வச்சாலும் அப்புறம் வம்புதான்."

"பச்சையா ஒன்னு இருந்திருக்குமே… வழவழன்னு?"

"இருந்துச்சு. சொரண்டித் தள்ளிட்டேன்."

"பாவி!" என்றாள் சித்தி, ஆசையோடு.

"அந்த நர்சரிக்காரம்மா, 'உங்க ஒரு வீட்டுக்கே எவ்ளோ பாசி போகுது'ன்னு கேட்டப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். தண்ணித் தொட்டி கழுவ மேல ஏறுறப்பெல்லாம் பாத்துட்டு வருவேன். நீங்க முட்டிவலின்னு ஏணிப் பக்கமே வர மாட்டீங்க, அதான் தைரியம். மரம் வெட்டறவரு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு, அதுக்குள்ள வந்து எடுத்துக்கலாம்னு நினைச்சேன்."

"யாருக்குன்னு போட்ட?"

"யாருக்கா? உங்களுக்குத்தான். நான் போயிட்டா உங்களுக்குப் பறிச்சுக் குடுக்க யாரு இருக்கா? அப்பாவ நம்பி விட முடியுமா? தொட்டியில வச்சா கைக்கு எட்டுற உயரத்துலயே காய்க்கும். முள்ளு கம்மியா இருக்கற கிளையா தேடிப் புடிச்சுப் போட்டேன், உங்களுக்குத்தான் முள்ளு பயமாச்சே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க ஆரம்பித்தது யார் என்று மச்சானைத்தான் கேட்க வேண்டும். அவர்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மாஸ்டருக்குக் கணக்கு இடித்தது.

"ஒன்னு சித்திக்கு. இன்னொன்னு?"

"அது… எனக்கு."

"உன் ஹாஸ்டல் ரூமுல வெயிலே வராதுன்னு நீதானே சொன்ன?"

"ஹாஸ்டல்ல வைக்கப் போறதில்ல. இந்த ஊருலயேதான். மொட்டமாடி இருக்கற ஒரு வீட்டுல. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போவாங்க."

"யாரு?"

"உனக்குத் தெரிஞ்சவங்கதான்."

"எனக்குத் தெரிஞ்சவங்களா? எவ்ளோ பெரிய தொட்டி வச்சிருக்…" மாஸ்டர் பாதியில் நின்றார். வளைவு, நடைபாதை, தொட்டி என்று ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறியது.

வலது கால் தரையை அழுத்தியது. இந்தத் தடவை எடுக்கவே இல்லை.

"சித்தி, வாங்க, தொட்டியில வச்சிரலாம். காஞ்சிரும்," என்று ஃபியூஸ் எழுந்துவிட்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அதற்குள் மரம் வெட்டுகிறவர் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒவ்வொரு கொம்பாகக் கயிற்றில் இறங்கியது. கடைசியில் அடிமரம். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமில்லாததால் விழும்போது கனமே இல்லை. பின்பக்கம் முழுவதும் திடீரென்று வெளிச்சம் வந்து, துணிக்கொடியும் பக்கத்து வீட்டுச் சுவரும் புதிதாகத் தெரிந்தன. ஃபியூஸ் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி அவள் முதுகில் கையை வைத்தாள்.  எடுக்கவில்லை.

தொட்டியில் மண் நிரப்பி, பிளாஸ்டிக்கை வெட்டி, வேர் உருண்டை கலையாமல் உள்ளே இறக்கினார்கள். கன்று ஆடாமல் இருக்க ஒரு குச்சி நட்டு அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு நூலைத் தேடிய ஃபியூஸிடம் சித்தி வெள்ளைத் துணிச் சுருளை நீட்டினாள். பிறகு சித்தியே அதைத் திரும்ப வாங்கிச் சுற்றினாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. சுற்றி முடித்து முனையை மடித்துவிட்டாள்.

"இது ஒன்னுல உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது," என்றாள் ஃபியூஸ். பாதி இலைகளைக் கிள்ளி எடுத்தாள். கிளையின் நுனியில், எலுமிச்சை அளவுக்கு, ஒரு பிஞ்சு தொங்கியது.

"இத எடுத்துரணும். இந்த வேரு இத தாங்காது."

"ஆமா. பறிச்சுக் குடு," என்றாள் சித்தி. அவ்வளவு வருஷப் பழக்கம்.

ஃபியூஸ் தன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீங்க எடுங்க."

"நீயே…"

"சித்தி. எடுங்க."

இந்த இடத்தில் அவள் 'அம்மா' என்று கூப்பிடுவாள் என்று பல வாசகர்கள் காத்திருப்பது எனக்குத் தெரியும். கடிதமும் எழுதுகிறீர்கள். கூப்பிடவில்லை. அவளுக்கு அம்மாவும் ஒருத்திதான், சித்தியும் ஒருத்திதான். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள அவள் தயாராக இல்லை.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிஞ்சைப் பிடித்தாள். இழுத்தாள்.

"ஐயோ, இழுக்காதீங்க, பட்ட உரியும்! திருகணும். மெதுவா. ஒரு பழம் பறிக்கக்கூடத் தெரியலையா உங்களுக்கு?"

"எப்படித் தெரியும்?"

 ஃபியூஸ் சித்தியின் கைமேல் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து திருகின. காம்பு சின்னதாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கழன்றது.

*

மதியம் சித்தி கிளினிக்குக்குக் கிளம்பும்போது வாசலில் இரண்டாவது கன்று ஈரச் சாக்கில் சுற்றியபடி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாஸ்டர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டெஸ்ட்டுல நாலாவது தடவையும் பெயிலாக்கிருவேன்," என்றார், யாரிடமோ.

"முதல்ல அவனுக்கு ஒரு டீ குடுங்க," என்று சொல்லிவிட்டு சித்தி நடந்தாள்.

கிளினிக்கில் முதல் ஆள் ஒரு கொத்தனார். முழங்கையில் சிராய்ப்பு. சித்தி அவர் கையைத் திருப்பிப் பிடித்துக் கட்டைச் சுற்றினாள். வலியை மறக்க முகத்தைத் திருப்பியவர், மூக்கை விரித்து மோந்து பார்த்தார்.

"என்ன சிஸ்டர், மருந்து வாடையோட ஒரு பழ வாசன வருது?"

சித்தி பையிலிருந்து பிஞ்சை எடுத்துக் காட்டினாள்.

"பம்ப்ளிமாஸா! எங்க கெடச்சுது?"

"எங்க வீட்டு மரம்," என்றாள் சித்தி. "நான் பறிச்சேன்."